சல்லடைக்கு அடுத்த அறை

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்காரர்கள் பேசுவதெல்லாம் எண்தான். "எட்டு என்ன விலைக்குப் போச்சு?" என்று ஒருவர் கேட்டால், எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்கிய காயைக் கேட்கிறார் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். அக்மார்க் தரமும் இந்த அளவையே பிடித்து நிற்கிறது: ஆலப்பி பச்சை என்ற வகையில் எக்ஸ்ட்ரா போல்ட் என்றால் 7 மி.மீ., போல்ட் என்றால் 6, சுப்பீரியர் என்றால் 5. செடியில் பறித்த காய் கடைக்காரரின் மேசைக்கு வருவதற்குள் அதன் மேல் பல எண்கள் ஏறிவிடுகின்றன. கடைசியாக ஏறுவது பார்கோடு. அதை ஆயிரக்கணக்கில் அச்சடித்து ஒட்டுகிற வேலையைப் பார்க்கத்தான் போடிக்குப் போயிருந்தேன்.

ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் தெரியும் என்று தோன்றியதால் முதலில் மலைக்குப் போனேன். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலேறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களில் களைவெட்டும் காய் எடுப்பும் இவர்கள் கையில்தான். ஏலச்செடியில் காய் தரையை ஒட்டிப் படர்ந்த சரத்தில் இருக்கிறது. குனிந்தே நாள் போகிறது. ஒரே சரத்தில் விளைந்ததும் பிஞ்சும் கலந்திருக்கும்; விளைந்ததை மட்டும் விரலால் தேடி எடுக்க வேண்டும். முதல் தரம் பிரிப்பு அங்கேயே, மழை ஈரத்தில், சல்லடை எதுவும் இல்லாமல் நடந்துவிடுகிறது. எடுத்த காய் தோட்டத்து ஸ்டோரில் வெப்பக்காற்றில் ஒரு பகல் ஓர் இரவு காய்கிறது. சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ ஆகிறது.

அதன்பின் ஏலம். 2007-இல் தொடங்கிய நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இப்போது போடியிலும் கேரளப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, கணினியில் விலையை ஏற்றுகிறார்கள். இங்கே காய்க்கு 'லாட்' எண் கிடைக்கிறது. 2018 வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு, 2019 ஆகஸ்டில், புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதை இன்றும் ஊரில் சொல்கிறார்கள். அத்தனை விலையுள்ள சரக்கில் ஒரு பாக்கெட் மாறினாலும் யாரோ ஒருவருக்கு வயிறு எரியும்.

நான் போன பாக்கெட் கூடம் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது. முன்கூடத்தில் பெண்கள் மரப்பலகைகளின் முன் உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். சல்லடை அளவைத்தான் பிரிக்கும். நிறத்தையும் வெடிப்பையும் பூச்சித் துளையையும் கண்தான் பிரிக்க வேண்டும். வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பச்சை மாறாதது மடியருகே. அதற்கு அடுத்த அறை கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே ஒரு கணினி, ஒரு லேபிள் பிரிண்டர், ஸ்டிக்கர் ரோல்கள். அங்கே வேலை பார்க்கும் பெண் பி.காம். படித்தவர். அவருடைய அம்மா முன்கூடத்தில் பொறுக்குகிறார்.

வேலை எக்ஸெல் ஷீட்டில் தொடங்குகிறது. ஒரு வரிசைக்கு ஒரு சரக்கு. தரம், எடை, அதிகபட்ச விலை, பேக்கிங் மாதம், லாட் எண், பார்கோடு எண், எத்தனை ஸ்டிக்கர் என்று பத்திகள் போகின்றன. லேபிள் மென்பொருளில் ஒரே ஒரு ஸ்டிக்கரின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்தில் எந்தப் பத்தி வர வேண்டும் என்று இணைத்துவிட்டால் போதும். நாற்பது வரிசைக்கு நாற்பது வகை ஸ்டிக்கர், ஒவ்வொன்றும் கேட்ட எண்ணிக்கையில் வந்து விழும். எடை, விலை, மாதம், பேக் செய்தவர் முகவரி இவற்றைச் சட்டம் கேட்கிறது. பார்கோடைச் சட்டம் கேட்பதில்லை, சூப்பர் மார்க்கெட்டுகள் கேட்கின்றன.

இதில் கைத்திறன் எங்கே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். பிரிண்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால்தான் எல்லாம் இருக்கிறது. பார்கோடு எண் பதின்மூன்று இலக்கம். எக்ஸெல் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டால் 8.90123E+12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் சுருக்கிக் காட்டியதே கோப்பில் போய் உட்காரும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். லாட் எண்ணை 12-8 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும். சுழியில் தொடங்கும் எண்ணின் சுழி காணாமல் போகும். கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால், ஒரே எண்ணாக இருக்க வேண்டியது வரிசைக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே இறங்கலாம். முதல் மூன்றையும் தடுக்க இந்தப் பெண் எதையும் தட்டுவதற்கு முன் அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுகிறார். "ஷீட்டு கெட்டா ஒரு ஸ்டிக்கரா கெடும்? ரோல் முழுக்கக் கெட்டுப் போகும்" என்றார். மொத்தமாகச் செய்வதன் ஆபத்து அதுதான். பிழையும் மொத்தமாகவே வரும்.

கடைசி இலக்கத்தை அவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 890123456789 என்றால் கூட்டுத்தொகை 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். இங்கே 130 பத்தின் மடங்காகவே இருப்பதால் 0. ஏதாவது ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் கணக்கு உதைத்துவிடும். முன்னால் இருக்கும் 890, அந்த நிறுவனம் ஜி.எஸ்.1 இந்தியாவிடம் எண் வாங்கியது என்பதை மட்டுமே சொல்லும். பொருள் இந்தியாவில் விளைந்தது என்று பலர் நினைப்பது தவறு. விலையும் பார்கோடுக்குள் இல்லை. கடையின் கணினி அந்த எண்ணைத் தேடி விலையை எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது அச்சு. அங்கிருந்த பிரிண்டர் அங்குலத்துக்கு 203 புள்ளி போடுவது, அதாவது மில்லிமீட்டருக்கு எட்டு. கோட்டின் மிக மெல்லிய அகலம் வழக்கமாக 0.33 மி.மீ.; 0.264 வரை சுருக்கலாம். எட்டுப் புள்ளிக் கணக்கில் இரண்டு புள்ளி 0.25, மூன்று புள்ளி 0.375. இரண்டு போட்டால் விதிக்குக் கீழே போகிறது. மூன்று போட்டால், இரு பக்கமும் விட வேண்டிய வெற்றிடத்தோடு சேர்த்துப் பார்கோடு 42 மி.மீ.க்கு மேல் நீள்கிறது. அதனால்தான் இந்தக் கூடத்தில் 38 மி.மீ. ரோலை விட்டுவிட்டு 50 மி.மீ. ரோல் வாங்குகிறார்கள். இடம் போதவில்லை என்று மவுஸால் பிடித்து நசுக்கினால் சில கோடுகள் இரண்டு புள்ளியாகவும் சில மூன்றாகவும் வரும். நம் கண்ணுக்கு அது தெரியாது, ஸ்கேனர் திணறும்.

நிறத்திலும் ஒரு பாடம் உண்டு. ஏலக்காய் என்றாலே பாக்கெட்டுக்குப் பச்சை வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பெரும்பாலான ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிக்கின்றன. சிவப்பு ஒளியில் பச்சை இருண்டு தெரியும். பச்சைப் பின்னணியில் கறுப்புக் கோடு என்றால் ஸ்கேனருக்கு இரண்டும் ஒரே இருட்டு. இந்தக் கூடத்தில் முன்பு ஒரு முறை அப்படி அடித்து, ஒரு கடையிலிருந்து சரக்கு முழுதும் திரும்பி வந்ததாம். இப்போது பச்சை லேபிளின் நடுவே வெள்ளைக் கட்டம் விட்டு, அதற்குள் கோட்டைப் போடுகிறார்கள்.

ஆனால் இத்தனை காவலும் எண்ணுக்குத்தான். 'பீப்' என்று சத்தம் வந்தால் எண் சரியாகப் படிக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். எட்டு மி.மீ. ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டுக்குள் ஆறு மி.மீ. காய் இருந்தாலும் அது அதே 'பீப்'தான் போடும். எண்ணையும் காயையும் சேர்த்து வைப்பது ஒட்டுகிறவரின் கை. அதனால் ஒரு லாட் முடியும்வரை அடுத்த லாட்டின் ஸ்டிக்கரை அறையை விட்டு வெளியே கொடுப்பதில்லை. மிஞ்சியதை எண்ணி, நோட்டில் எழுதி, கிழித்துப் போடுகிறார்கள். நான் அந்த ஊரில் கண்ட மிக உயர்ந்த ஒழுங்கு இந்த நோட்டுதான்.

அவருடைய ஷீட்டில் ஸ்டிக்கரில் அச்சாகாத பத்தி ஒன்றும் இருந்தது. தலைப்பு 'பலகை'. எந்தப் பலகையில் பொறுக்கிய காய் எந்த லாட்டுக்குப் போனது என்ற குறிப்பு. யாரும் கேட்காமல் அவரே சேர்த்தது. புகார் வந்தால் கூடம் முழுவதையும் திட்டாமல், எங்கே பிசகியது என்று பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். முன்கூடத்தில் அது அவ்வளவு எளிதாக ஏற்கப்படவில்லை. கூலியைப் பிடிக்கத்தான் இந்தக் கணக்கு என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மாலை வெளிச்சம் குறைந்த பிறகு பொறுக்கும் காயில் பிசகு வந்தால் அது பலகையின் குற்றமா, விளக்கின் குற்றமா?

"குத்தம் வந்தா மட்டும் எங்க பலகையத் தேடுவீக. நல்ல காய்னு சொல்லி ஒருத்தர் மறுபடி வாங்குனா அதுவும் எங்க பலகையில வரணும்ல தம்பி" என்றார் அவருடைய அம்மா, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூலிப் பிடித்தத்துக்கு இந்தப் பத்தியைப் பயன்படுத்த மாட்டோம் என்று முதலாளி எழுதித் தந்தால்தான் அது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மகளிடம் அதைச் சொன்னேன். அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். மறு ஆர்டர் வந்த லாட்டுகளைக் குறிக்க இன்னொரு பத்தியும், பொறுக்கும் கூடத்துக்கு இரண்டு குழல்விளக்குகளும் அதே தாளில் கேட்டிருக்கிறார். விளக்குகள் வந்துவிட்டன. மற்ற இரண்டுக்கும் பதில் எதிர்பார்த்துக்கொண்டே, அன்றைய ஷீட்டில் ஐம்பது கிராம் பாக்கெட்டுகளின் வரிசைகளைச் சரிபார்க்கத் தொடங்கினார்.