பும்ராவுக்கு மிச்சம் இரண்டு ஓவர்

29 ஜூன் 2024, சனி, ஆலங்குடி

மணி ஒன்றாகப் போகிறது. தெருவில் வெடிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. பார்படாஸில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று இந்தியா டி20 உலகக் கோப்பையை எடுத்துவிட்டது. கோப்பையைப் பற்றி நாளைக்குப் பேப்பர் முழுக்க எழுதுவார்கள். நான் எழுதி வைக்க நினைப்பது, பதினைந்தாவது ஓவர் முடிந்து பதினாறாவது ஓவர் தொடங்குவதற்குள் டீக்கடையில் நடந்த சண்டையை.

வழக்கமாகப் பத்து மணிக்குப் பாய்லரை அணைத்துவிடும் கடைக்காரர் இன்று அணைக்கவில்லை. பெஞ்சில் இடமில்லாமல் பாதிப் பேர் பைக் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். பின்னால் நின்ற பையன்கள் செல்போனில் பார்த்தார்கள். டி.வி.யில் விழுகிற விக்கெட் போனில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழும். முன்வரிசை கத்தும்போதெல்லாம், “சொல்லிடாதீங்கடா” என்று பின்வரிசை கெஞ்சியது.

பதினைந்தாவது ஓவரை அக்சர் படேல் போட்டார். தென்னாப்பிரிக்காவின் கிளாசன் எதிரே நின்றார். அந்த ஒரே ஓவரில் 24 ரன். 30 பந்தில் 30 ரன் எடுத்தால் தென்னாப்பிரிக்காவுக்குக் கோப்பை, கையில் ஆறு விக்கெட். கடையில் யாரும் டம்ளரைக்கூட அசைக்கவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

“அவன் சுழல் பந்துன்னா அல்வா மாதிரி சாப்புடுறான், அவனுக்குப் போயி அக்சரக் குடுக்குறாய்ங்க.”

“அண்ணே, பும்ராவுக்கு ரெண்டு ஓவர் இருக்குண்ணே.”

“இருக்கட்டும். இப்பவே போட்டுத் தீத்துட்டா கடைசி ஓவர யாரு, நீயா போடுவ?”

இதைச் சொன்னவர் எங்கள் தெருக் கொத்தனார். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நான் ஊர்ப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். டி.வி. மேட்ச் என்றாலும் யாருக்கு எத்தனை ஓவர் மிச்சம் என்று ஏதாவது ஒரு தாளில் கை தானாகக் குறித்துவிடும். தாளில் இருந்தது இது: குல்தீப், அக்சர் இருவருக்கும் நான்கு ஓவரும் முடிந்துவிட்டது. பும்ராவுக்கு இரண்டு, அர்ஷ்தீப்புக்கு ஒன்று, ஹர்திக்குக்கு மூன்று, ஜடேஜாவுக்கு மூன்று. கிளாசன் நிற்கிற வரை ஜடேஜா பக்கம் போக முடியாது. ஆக மூன்று வேகப்பந்து வீச்சாளர்களை வைத்துத்தான் ஐந்து ஓவரையும் ஓட்ட வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஓவர் போட முடியாது என்பதால் பும்ராவை 16, 18 என்று போடலாம், 17, 19 என்று போடலாம், 18, 20 என்று வைத்துக்கொள்ளலாம்.

கேப்டன் ரோஹித் முதல் வழியை எடுத்தார். பதினாறாவது ஓவருக்குப் பந்து பும்ரா கைக்குப் போனதும் கொத்தனார் துண்டை உதறிவிட்டு எழுந்து, “முடிஞ்சுது கதை” என்றார். ஆனால் போகவில்லை, கல்லாப்பெட்டி அருகில் போய் நின்றுகொண்டார்.

அந்த ஓவரில் 4 ரன். அடுத்து ஹர்திக்கின் முதல் பந்திலேயே கிளாசன் பண்ட்டிடம் பிடிகொடுத்தார். பதினெட்டாவது ஓவரில் பும்ரா 2 ரன்னே கொடுத்து யான்சனின் ஸ்டம்பைச் சாய்த்தார். பத்தொன்பதாவது ஓவர் அர்ஷ்தீப், 4 ரன். கடைசி ஓவருக்கு 16. பந்து ஹர்திக்கிடம். முதல் பந்தில் மில்லர் தூக்கியதை எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்தது எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. டி.வி. திரும்பத் திரும்பக் காட்டிய பிறகுதான் கத்தினோம். அதற்குள் பின்வரிசைக்கும் காட்சி வந்து சேர்ந்திருந்தது.

30 ஜூன், ஞாயிறு

காலையில் அதே கடை. நேற்று ரோஹித்தைத் திட்டிய அத்தனை பேரும் இன்று அவரை மேதை என்கிறார்கள். கொத்தனார் மட்டும் மாறவில்லை. “அந்தக் கேட்ச் விழுந்திருந்தா இதே வாயாலதான நீங்க பேசிருப்பீங்க?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மில்லர் அடித்தது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் ஆறு ரன், பிறகு ஐந்து பந்தில் பத்து. “பும்ராவை வைக்காம தொலைச்சான்” என்று தமிழ்நாடே பேசியிருக்கும்.

ஆனாலும் முடிவு எடுக்கப்பட்ட நேரத்தில் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். 30 பந்தில் 30 என்றால் இன்னும் ஒரே ஒரு மோசமான ஓவர் போதும், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இருபதாவது ஓவருக்கென்று வைத்திருக்கும் பும்ரா, நான்கு ரன்னைக் காப்பாற்றத்தான் வருவார். பும்ரா 16, 18 இரண்டு ஓவரிலும் சேர்த்துக் கொடுத்தது 6 ரன். ஹர்திக்குக்குக் கடைசி ஓவரில் 16 ரன் என்ற மெத்தை அதனால்தான் கிடைத்தது. சூர்யகுமாரின் கேட்சை எல்லோரும் பேசுகிறார்கள், பேசட்டும். பதினாறாவது ஓவரைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டீக்கடையில் 2007 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டிப் பேச்சும் வந்தது. ஜோஹன்னஸ்பர்க், பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 ரன். ஹர்பஜனுக்கு ஒரு ஓவர் மிச்சம் இருந்தும் கேப்டன் தோனி ஜோகிந்தர் சர்மாவைக் கூப்பிட்டார். ஒரு வைடு, ஒரு சிக்ஸர், பிறகு மிஸ்பா தோளுக்கு மேல் தூக்கியது ஸ்ரீசாந்த் கையில் விழுந்தது. இந்தியாவுக்கு 5 ரன்னில் கோப்பை. அதைச் சூதாட்டம் என்றே பலரும் சொல்கிறார்கள். பதினேழாவது ஓவரில் இதே ஹர்பஜனை இதே மிஸ்பா மூன்று சிக்ஸர் அடித்திருந்தார் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. அடி வாங்கிய கையிலேயே மறுபடி பந்தைக் கொடுப்பதும் சூதாட்டம்தானே?

2 ஜூலை, செவ்வாய்

டொராண்டோவிலிருந்து அக்கா மகன் பேசினான். மேட்ச் பேச்சுதான். நான் கொத்தனார் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, “மாமா, இங்க பேஸ்பால்ல இதே சண்டைக்கு ஊரே ரெண்டாப் பிரியும்” என்றான்.

அங்கே பந்து வீசுகிறவரை பிட்சர் என்கிறார்கள். யாரை எப்போது மாற்றுவது என்பதை வெளியே உட்கார்ந்திருக்கும் மேலாளர் தீர்மானிக்கிறார். ஒருமுறை வெளியே அழைத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அந்தப் பிட்சர் திரும்பி வரவே முடியாது. பும்ராவை இரண்டு ஓவர் போடவைத்து, ஒதுக்கி வைத்து, பதினாறில் கூப்பிடுகிற சௌகரியம் அவர்களுக்கு இல்லை. அதனால் முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதற்கென்றே ஒரு ஆளைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருப்பார்கள்.

2016 அக்டோபர் 4 அன்று டொராண்டோவில் தோற்றவர் வெளியேற வேண்டிய ஆட்டம். எதிரணி பால்டிமோர், அதன் மேலாளர் பக் ஷோவால்டர். அவரிடம் ஸாக் பிரிட்டன் இருந்தார். அந்த ஆண்டு முழுக்க காப்பாற்றிக் கொடுக்கச் சொன்ன 47 ஆட்டத்தையும் காப்பாற்றிக் கொடுத்தவர். ஸ்கோர் 2-2 என்று சமமாகி ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போனது. முன்னிலை கிடைத்தால் அதைக் காக்க வேண்டும் என்று ஷோவால்டர் பிரிட்டனை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். முன்னிலை வரவே இல்லை. உபால்டோ ஹிமேனஸ் வீசிய பந்தை டொராண்டோவின் எட்வின் என்கார்னாசியோன் மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், 5-2. அந்த ஆட்டத்தில் பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமலே பால்டிமோரின் ஆண்டு முடிந்தது.

“அன்னிக்கு நாங்க எல்லாரும் அந்தாளு வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தோம் மாமா” என்றான். எதிரணி ரசிகன் எந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படுகிறானோ அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டிய நேரம் அதுதான். கொத்தனாரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

7 ஜூலை, ஞாயிறு

கீரமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இறுதிப் போட்டி. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் மைதானம், டென்னிஸ் பந்து, எட்டு ஓவர் ஆட்டம், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஓவர். முதல் பரிசு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்கள் உபயம். கருவேலம் புதருக்குள் விழுந்தால் சிக்ஸர். ஸ்கோர் மேசை புளியமரத்தடியில், மைக்செட்காரர் பக்கத்தில்.

உள்ளூர் அணியில் ஒல்லியாக ஒரு பையன். யார்க்கர் போட்டால் மட்டைக்கு அடியில் சொருகிவிடும். முதல் ஓவரில் 3 ரன்தான் கொடுத்தான். அதோடு கேப்டன் அவனைக் கடைசி ஓவருக்கென்று எல்லைக்கு அனுப்பிவிட்டான். எதிரணிக்கு மூன்று ஓவரில் 30 தேவை என்று வந்தபோது இடதுகை ஆள் ஒருவன் இறங்கிச் சுற்ற ஆரம்பித்தான். ஆறாவது ஓவரில் 17. புளியமரத்தடி முழுக்க, “அவனக் கூப்புடுறா, அவனக் கூப்புடு” என்று கத்தியது. ஸ்கோர் எழுதுகிறவன் வாய் திறக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது ஓவரில் 10. கடைசி ஓவருக்கு மிச்சம் 3 ரன். ஒல்லிப் பையன் வந்தான். முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவது பந்து ஸ்டம்பைப் பிடுங்கியது. மூன்றாவது பந்து மட்டை விளிம்பில் பட்டு, கீப்பருக்குப் பின்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நான்குக்குப் போனது.

கேப்டனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அவனுடைய தாய்மாமாவே மரத்தடியிலிருந்து எல்லோர் முன்னாலும் வசைபாடினார். எனக்குப் பாவமாக இருந்தது. அவன் செய்ததைத்தான் மரத்தடியில் பாதிப் பேர் ஆட்டத்துக்கு முன்னால் யோசனையாகவும் சொன்னார்கள்.

பரிசளிப்பு முடிந்து மைக்செட்டைக் கழற்றும்போது அவன் மேசைக்கு வந்தான். “அண்ணே, அந்த நோட்டக் கொஞ்சம் காட்டுங்கண்ணே.” ஓவர் வாரியாக விரல் வைத்துப் படித்தான். ஆறாவது ஓவரில் விரல் நின்றது.

“இங்க போட்டிருக்கணுமோ?”

“இடதுகைக்காரன் வந்த உடனே. அவன் விக்கெட் விழுந்திருந்தா அடுத்து வர்றவன் யாருன்னு பாத்தியா? கீப்பர். இந்தப் போட்டி முழுக்க அவன் எடுத்தது 4 ரன்.”

“கடைசி ஓவர் யாருண்ணே போடுறது அப்ப?”

“யார் போட்டாலும் கையில் பதினஞ்சு ரன் இருந்திருக்கும்.”

அதற்குள் அவன் மாமா வந்துவிட்டார். “பதினஞ்சு இருந்தாலும் அந்தப் பயலுக அடிச்சிருப்பாய்ங்க, இவன் முதல் ஓவரையே அவனுக்குக் குடுத்திருக்கக் கூடாது” என்று வேறொரு முனையிலிருந்து ஆரம்பித்தார். முதல் ஓவரா, மூன்றாவதா, ஆறாவதா என்று மூன்று பேரும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டத்தை ஆடினோம். அடுத்த ஞாயிறு வடகாடு பக்கம் இன்னொரு போட்டி இருக்கிறது. ஆறாவது ஓவரை ஒல்லிப் பையனுக்கே கொடுப்பதாகக் கேப்டன் சொல்லியிருக்கிறான். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.