கோளாறு எந்த அடுக்கில்?

லினக்ஸ் கணினியில் திரை நடுங்குவதும், குறுக்கே கோடுகள் விழுவதும், படம் கட்டம் கட்டமாகச் சிதறுவதும், திரை அடியோடு இருண்டுபோவதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே வகைத் தொல்லையாகத் தோன்றினாலும், அவை பிறக்கும் இடங்கள் வேறு வேறு. பிறந்த இடத்தை அறியுமுன் பரிகாரம் தேடுகிறவர், கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, சரியாக இருந்த அமைப்புகளையும் மாற்றிவிட்டு, எதனால் எது நேர்ந்தது என்று சொல்ல முடியாத நிலையில் வந்து நிற்கிறார். கோளாற்றைத் தீர்ப்பதைவிட, அது எந்த அடுக்கில் உள்ளது என்று உறுதி செய்வதே கடினமான வேலை. முதலில் செய்யவேண்டிய வேலையும் அதுதான்.

அடுக்குகள் என்பவை எவை? ஒரு செயலி தன் சாளரத்தை வரையும்போது, அதற்கான கட்டளைகளை வரைகலைச் சில்லுக்குப் புரியும் வடிவில் பெரும்பாலும் மாற்றித் தருவது, பிரையன் பால் 1993இல் தொடங்கிய மீசா என்னும் நிரல் தொகுப்பு ஆகும். பல சாளரங்களின் படங்களைச் சேர்த்து ஒரே படமாக்குவது கம்பாசிட்டர் எனப்படும் நிரலின் பொறுப்பு. இது 1987இல் வந்த எக்ஸ்11 முறையிலோ, கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட் முறையிலோ இயங்கும். அந்தப் படம் நினைவகத்தில் ஃப்ரேம்பஃபர் என்ற இடத்தில் தங்க, சில்லின் காட்சிப் பகுதி அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை படித்துக் கேபிள் வழியே திரைக்கு அனுப்புகிறது. இவற்றையெல்லாம் கட்டியாள்வது லினக்ஸின் உட்கருவான கர்னலில் உள்ள டிரைவர். 2009இல் வெளிவந்த 2.6.29 கர்னலில் இன்டெல் சில்லுகளுக்குத் தொடங்கி, திரையின் அளவையும் வேகத்தையும் அமைக்கும் பொறுப்பு கர்னலுக்கே வந்தது. ஆகவே, சாளரங்கள் உறைந்துவிட்ட நிலையிலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள கன்சோல் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. கிடைத்துவிட்டால், கர்னல் உயிருடன் இருக்கிறது, பழுது அதற்கு மேலே உள்ளது என்று கருத இடமுண்டு.

இந்த நீண்ட வழியை இரண்டாகப் பிரித்துக் காட்டும் எளிய சோதனை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதே. கோளாறு தெரியும் வேளையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வேறொரு கணினியில் திறந்து பார்க்க, சிதைவு அதிலும் இருந்தால், படம் வரையப்படும்போதே கெட்டுவிட்டது என்று பொருள். கேபிளையும் திரையையும் குறைசொல்ல வேண்டியதில்லை. படம் தெளிவாக இருந்தால், ஃப்ரேம்பஃபரைப் படித்து அனுப்புவதிலோ, கேபிளிலோ, திரையிலோ பழுது இருக்கவேண்டும். மவுஸ் சுட்டியும் நல்ல சாட்சி. பெரும்பாலான கணினிகளில் சுட்டி ஃப்ரேம்பஃபரில் வரையப்படுவதில்லை. காட்சிப் பகுதி அதைத் தனித் தளமாக வைத்துக் கடைசி நேரத்தில் படத்தின்மேல் பொருத்துகிறது. திரை முழுவதும் கலைந்து கிடக்க, சுட்டி மட்டும் பழுதின்றி நகர்ந்தால், கேபிள் நல்லதாகவே இருக்கிறது. ஏனெனில் பழுதான கேபிள் சுட்டியை மட்டும் விட்டுவைக்காது.

ஸ்கிரீன்ஷாட் தெளிவாக இருப்பதைக் கண்டவுடன் திரையை மாற்றத் துணிவது அவசரம். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, இன்டெல் சில்லு உள்ள மடிக்கணினிகளில் காணப்படும் ஒருவகை நடுக்கம். பக்கம் அசையாமல் இருக்கும்போது, அதே படத்தை மீண்டும் மீண்டும் அனுப்புவது மின்சார விரயம் என்பதால், திரைக்குள்ளேயே சிறு நினைவகம் வைத்து, கடைசிப் படத்தைத் திரை தானே காட்டிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்பது அதன் பெயர். சில்லு உறங்கி விழிக்கும் அந்தக் கணத்தில் சில்லும் திரையும் ஒத்துப்போகாவிட்டால், திரை துடிக்கிறது. படித்துக்கொண்டிருக்கும்போது துடித்து, மவுஸை அசைத்தவுடன் நின்றுவிடுவது இதன் அடையாளம். கர்னல் தொடங்கும்போது தரப்படும் ஒரே ஓர் அளவுருவால் இந்த ஏற்பாட்டை நிறுத்திப் பார்க்கலாம். நடுக்கம் நின்றால், பேட்டரி சற்று விரைவாகக் கரைவதைத் தவிர வேறு இழப்பில்லை. திரைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிட்டபின் இதை அறிவது துயரமானது.

உண்மையான வன்பொருள் பழுது வேறு விதமாகத் தன்னைக் காட்டும். பயாஸ் அமைப்புப் பக்கத்தில், அதாவது லினக்ஸ் ஏறுவதற்கு முன்பே, கோடுகள் தெரிந்தால் லினக்ஸுக்கு அதில் பங்கில்லை. மூடியைச் சாய்க்கும்போது கோடுகள் மாறினால், கீல் வழியாகச் செல்லும் கேபிள் தேய்ந்திருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் முதன்மை நினைவகத்தின் ஒரு பகுதியே படத்துக்கும் பயன்படுவதால், ரேம் பழுது திரையில் வண்ணப் புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிட்டால் இது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

லினக்ஸ் பயனருக்கு வாய்த்துள்ள பெரும் வசதி, கர்னல் தனக்கு நேர்ந்ததை எழுதி வைப்பது. திரை உறைந்தபோது வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தோ, மறுதொடக்கத்துக்குப் பின் முந்தைய அமர்வின் பதிவைத் திறந்தோ இதைப் படிக்கலாம். பழுது நேர்ந்தால், அதன் வகையைக் குறிக்கும் எக்ஸ்ஐடி என்ற எண்ணை என்விடியா டிரைவர் அந்தப் பதிவில் எழுதும். அது 79 எனில், கார்டுடன் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது மின்வழங்கி, சூடு, கார்டு செருகிய இடம் ஆகியவற்றை முதலில் பார்ப்பது முறை.

நேற்றுவரை ஓடிய கணினி, கர்னலைப் புதுப்பித்தபின் இன்று தடுமாறினால், தொடக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து ஓடவிடுவதே முதல் சோதனை. பழையதில் கோளாறு இல்லையெனில் குற்றம் பயனருடையது அன்று. ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கும் மாற்றம் கர்னலின் பிழையே என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வற்புறுத்தும் விதி. இரு வெளியீடுகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கிட் பைசெக்ட் முறையில் சுமார் 14 சோதனைகளில் குற்றமுள்ள மாற்றத்தைத் தொட்டுவிடலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவரும், எந்தக் கர்னலில் ஓடியது, எதில் ஓடவில்லை, பதிவில் என்ன இருந்தது என்ற மூன்றையும் எழுதித் தந்தால், பிழையைத் திருத்துவோருக்கு அது பேருதவி.

இறுதியாக ஒன்று: திரை இருண்டால் நோமோட்செட் என்ற அளவுருவை இடச் சொல்வது வழக்கம். அது கிராபிக்ஸ் டிரைவரையே ஒதுக்கிவைத்து, வரையும் வேலையைப் பெரும்பாலும் மையச் செயலியின் தலையில் கட்டுகிறது. கணினிக்குள் நுழைந்து காரணத்தைத் தேடத்தான் அது உதவும். காரணம் கிடைத்தபின் அதை நீக்கிவிடுங்கள்.