எதிர்க்கரை

மலாய்மொழியில் ‘செபராங்’ என்பது எதிர்க்கரை. பினாங்குத் தீவில் நின்று நோக்குவார்க்குச் செபராங் ஜெயா எதிர்க்கரை நகரம். 1786-ஆம் ஆண்டுக்கு முன்போ, இக்கரையும் அக்கரையும் கெடா சுல்தான் ஒருவருக்கே உரியனவாய் இருந்தன.

சயாமின் வலிமைக்கு அஞ்சிய சுல்தான் அப்துல்லா, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தீவைத் தர இசைந்தார். பகைவர் படையெடுத்தால் கம்பெனி துணைநிற்க வேண்டும் என்பது அவர் விதித்த கட்டுப்பாடு. 1786 ஆகஸ்டு 11-இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றினார். படைத்துணைக்கான உறுதிமொழி மட்டும் வரவேயில்லை.

பேரரசை நம்பிய சிற்றரசர் அவர் ஒருவரல்லர். பிரிட்டனின் கீழைக் கடற்கரையில் ஐசீனி என்னும் கெல்ட்டியக் குடியினர் வாழ்ந்தனர். கி.பி. 43-இல் உரோமர் படையெடுத்தபின், அக்குடியின் அரசன் பிரசுதாகஸ் உரோமுக்கு நண்பனாய் இருந்து ஆண்டான். தன் உடைமையைப் புதல்வியர் இருவருக்கும் பேரரசன் நீரோவுக்குமாக எழுதி வைத்தால் குடி பிழைக்கும் என்று கருதினான். அவன் மறைந்ததும் உரோம அதிகாரிகள் நாட்டைச் சூறையாடினர். அரசி பூடிக்காவைக் கசையால் அடித்தனர். அவள் மூட்டிய போரில் இலண்டன் உட்பட மூன்று நகரங்கள் எரிந்தன. இறுதியில் உரோமரே வென்றனர். அவள் கதையை எழுதியவர்களும் உரோம வரலாற்றாசிரியர்களே.

‘கடாரம் கொண்டான்’ என்னும் பட்டத்தை வகுப்பறையில் பெருமிதத்தோடு சொல்லும் தமிழாசிரியர், அக்கடாரம் இதே கெடா என்பதையும் சேர்த்துச் சொல்வது நன்று. இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி இன்று கேட்பது வென்றவனின் கல்வெட்டுக் குரலே. அவ்வகையில் அப்துல்லா பேறு பெற்றவர். கம்பெனிக்கு அவர் விடுத்த மடல்கள் எஞ்சியுள்ளன.

மடல்களால் பயன் விளையாமற்போகவே, அவர் இலானுன் கடலோடிகளைத் துணைக்கழைத்துப் பிறையில் படை திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கி முறியடித்தார். அடுத்த மாதத்து உடன்படிக்கை, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று தீவுக்கு விலை குறித்தது. 1800-இல் எதிர்க்கரையும் கைமாறியது. தொகை 10,000 வெள்ளியாயிற்று. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயர் அந்நிலத்துக்குச் சூட்டப்பட்டது.

1821-இல் சயாம் கெடாவின்மீது பாய்ந்தது. அப்துல்லாவின் மகன் சுல்தான் அகமது தாஜுதீன், தந்தை கொடுத்த தீவிலேயே அடைக்கலம் புகுந்தார். நாட்டை மீட்கக் கம்பெனி படை அனுப்பவில்லை. 1826-இல் சயாமுடன் செய்த பர்னி உடன்படிக்கையில், அவரைப் பினாங்கிலும் பிறையிலும் வாழ விடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.