நாங்கள் தீட்டிய பொங்கல் வாழ்த்து

வாழ்த்து அனுப்புவது இந்நாளில் மிக எளிதாகிவிட்டது. பொங்கலன்று காலையில் கைப்பேசியைத் தொட்டால் போதும். யாரோ வரைந்த பானையும் கரும்பும் நொடிப்பொழுதில் நூறு வீடுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. தில்லியில் குடியிருக்கும் நாங்களும் பல ஆண்டுகளாக அவ்வாறே செய்துவந்தோம். திருநெல்வேலிச் சீமையில் தனியே வாழும் அக்காளுக்குப் பொங்கற்படிப் பணத்தையும் கைப்பேசி வழியாகவே அனுப்பிவந்தோம். எங்களில் ஒருவருக்கு அவர் தமக்கை, மற்றவருக்கு நாத்தனார். 2024 ஆம் ஆண்டுப் பொங்கலன்று அவர், "பணம் வந்துட்டு தம்பி, படிதான் வரலை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அச்சொல் எங்கள் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அடுத்த பொங்கலுக்குக் கையால் ஒரு வாழ்த்துத் தீட்டி அனுப்புவதென்று முடிவு செய்தோம். முன்னாளில் மார்கழி பிறந்தால் கடைதோறும் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தொங்கும். உழவர், காளை, தெய்வம், தலைவர், திரைப்பட நடிகர் என்று அவரவர் விருப்பம்போல் வாங்குவார்கள். உறையை ஒட்டாமல் செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதி அஞ்சலில் சேர்ப்பார்கள். அக்காள் தமக்கு வந்தவற்றையெல்லாம் டிரங்குப் பெட்டியில் இன்றும் பாதுகாத்து வருகிறார்.

2025 ஜனவரி 5 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வேலை தொடங்கிற்று. சாவ்ரி பஜாரில் கனத்த தாள் வாங்கி வைத்திருந்தோம். மெல்லிய தாளில் நீர் பட்டால் அது அப்பளம்போல் நெளிந்துவிடும். ஒன்பது வயது மகள் பென்சிலால் பானையை வரைந்தாள். பானைக்குக் கீழே இரண்டு திருகுகள் உள்ள எரிவாயு அடுப்பையும் அழகாக வரைந்துவிட்டாள்! அவளைக் குறை கூறுவதற்கில்லை. அவள் கண்ட அடுப்பு அதுதானே?

"முற்றத்தில் பொங்கற்கட்டி வைத்து அதன்மேல் பானையை ஏற்றுவார்கள்" என்றோம்.

"கட்டி என்றால் எப்படி இருக்கும்?"

மண்ணால் செய்து வெள்ளையும் காவியும் அடித்தது என்பதுவரை சொல்ல முடிந்தது. எவ்வளவு உயரம், எத்தனை கட்டி, தீ எரிக்க எது என்று அவள் மேலும் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வேறு வழியின்றி அக்காளைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"நம்ம வீட்டுல ரெண்டு பானைல்லா? ஒரு பானைக்கு மூணு கட்டி. மார்கழியிலேயே அம்மா மண்ணைக் குழைச்சுக் கட்டி போட்டுக் காயவச்சிருவா. எரிக்கப் பனையோலை" என்று தொடங்கினார். பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சட்குலை, படைக்கும் பனங்கிழங்கு, சிறுகிழங்கு என்று பேச்சு வளர்ந்தது. அரைமணி நேரம் கழிந்தது. கடந்த ஆண்டுகளில் அவருடன் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை. முடிவில் மகள், "இந்த வருடமும் அப்படித்தானே வைப்பீர்கள், அத்தை?" என்று கேட்டாள்.

சற்று நேரம் மறுமொழி இல்லை. "தனியாளுக்கு எதுக்குக் கட்டியும் ஓலையும்? குக்கர்ல வச்சிருதேன் தாயி" என்றார்.

எரிவாயு அடுப்பை வரைந்தவள் எங்கள் மகள் மட்டும் அல்லள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

பிறகு வண்ணம் தீட்டினோம். நீர்வண்ணத்தில் வெளிறிய நிறத்தை முதலில் இட்டு, அடர்ந்ததைப் பின்னர் இட வேண்டும். வெள்ளைக்குத் தாளின் வெண்மையே வெள்ளை. அவ்விடத்தைத் தொடக்கத்திலேயே தொடாமல் விட்டுவைக்க வேண்டும். இதை அறியாமல் முதல் தாளில் பானை முழுவதும் மஞ்சள் பூசி, நுரைக்காக மேலே வெள்ளையைத் தடவினோம். அது சாம்பல்போல் அழுக்கேறிற்று. இரண்டாம் தாளில் அவசரம் கெடுத்தது. தில்லி மூடுபனியில் ஈரம் எளிதில் காயவில்லை. பொறுக்காமல் காவியைத் தொட்டு வைத்ததும் அது மஞ்சளில் ஊறிப் பரவியது. மூன்றாம் தாளில் நுரையையும் கட்டியின் சுண்ணாம்புப் பட்டைகளையும் தொடாமல் விட்டோம். ஒவ்வொரு நிறமும் காய்ந்த பின்னரே அடுத்ததை எடுத்தோம். கட்டிகள் சற்றே கோணலாயினும் படம் நன்றாகவே அமைந்தது. உள்ளே மகள் தன் கையாலேயே தமிழில் எழுதினாள். 'வாழ்த்து' என்னும் சொல்லில் உள்ள ழகரத்திற்காக மட்டும் பழைய தாளில் பத்து முறை எழுதிப் பழகினாள்.

பொங்கலன்று நண்பகலில் அக்காளிடமிருந்து அழைப்பு வந்தது. வாழ்த்து முந்தின நாளே கிடைத்துவிட்டதாம். "பக்கத்து வீட்டுல மூணு கட்டி வாங்கி முத்தத்துல வச்சிட்டேன். பிள்ளை படம் போட்டு அனுப்பியிருக்கு, குக்கர்ல வைக்க மனசு வரலை. ஓலைப் புகையில கண்ணுதான் எரியுது" என்றார். கண் எரிந்தது புகையினால்தானா என்று நாங்கள் கேட்கவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே, வரும் பொங்கலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு வண்ணப்பெட்டியும் தூரிகையும் கனத்த தாளும் இருந்தால் போதும். படம் திருத்தமாக வரவேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். ஊரில் இருப்பவரை அழைத்துக் கேளுங்கள். நாம் கேட்க வேண்டும் என்று அவர்கள் நெடுநாளாகக் காத்திருக்கிறார்கள்.