நித்திய கல்யாணி

திண்டிவனத்தில் நம் வீட்டுக் கிணற்றடியில் ஒரு நித்திய கல்யாணிச் செடி உண்டு. அதை யாரும் நட்டதாக ஞாபகமில்லை. ஆடுகூட அதைத் தீண்டுவதில்லை. நாமோ விழுப்புரத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் போதிக்கும் உபாத்தியாயர். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பும் அவசரத்தில், இருபது வருஷமாக அந்தச் செடியை ஏறிட்டும் பார்த்ததில்லை.

சென்ற வருஷம் ஐப்பசியில் நம் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஜுரம் கண்டது. வைத்தியர் ஒருவர் மூன்று வாரம் டானிக் கொடுத்தார். முழங்கால் வலி என்றாள். விளையாட்டுச் சோம்பல் என்று நாமே கடிந்து கொண்டோம். (அந்தக் கடுஞ்சொல் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.) பிறகு உடம்பில் நீலத் தழும்புகள் தோன்றின. ரத்தப் பரிசோதனை, சென்னைப் பிரயாணம், அடையாறு புற்றுநோய் வைத்தியசாலை. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சை வேண்டும் என்றார்கள். இவ்வகை நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இக்காலத்தில் பிழைக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். கடைசியில் சொன்னது நம் காதில் ஏறவில்லை.

அன்றைக்கே நாமும் மனைவியும் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம்: நோயின் பெயர் குழந்தையின் காதில் விழக் கூடாது. "ரத்தத்தில் சின்னப் பூச்சியம்மா" என்று சொல்லி வைத்தோம். பார்க்க வந்த உறவினரை வாசலிலேயே எச்சரித்தோம். ஆயா அடுக்களையில் அழுவதற்கு மட்டும் அனுமதி. வகுப்பிலே உண்மை பேசு என்று பிறர் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, வீட்டிலே தினமும் பொய் சொல்லி வந்தோம்.

இரண்டு மாதம் சென்றது. ஒரு நாள் மாலை, ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக் கொண்டிருக்கையில், குழந்தை கேட்டாள்:

"அப்பா, எனக்குப் புற்றுநோய்தானே?"

நமக்கு நாக்கு எழவில்லை.

"பக்கத்துக் கட்டில் பொண்ணு முதல் வாரமே சொல்லிட்டா. நீங்க அழுவீங்கன்னுதான் நான் கேட்கலை."

நாம் அவளைக் காப்பதாக எண்ணியிருந்தோம். அவளல்லவா நம்மைக் காத்திருக்கிறாள்!

அன்றிரவு ஒரு பழைய வினாத்தாளின் பின்புறத்தில் ரத்த அணுக்களைப் படம் போட்டுக் காட்டினோம். வெள்ளணுக்கள் முதிராமலே பெருகி மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்வதைச் சொன்னோம். மருந்துகளின் கதையையும் சொன்னோம். எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை வைத்தியக் கல்லூரியில் படிக்கையில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை. அமெரிக்கா சென்ற அவருடைய ஆராய்ச்சிக் குழுவினர் ஆக்கிய மருந்தைக் கொண்டுதான், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகவேனும் தணிவதைப் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஃபார்பர் 1948-இல் உலகுக்கு அறிவித்தார். அதே வருஷம் சுப்பாராவ் காலமானார். அவர் குழுவினரின் இன்னொரு மருந்தான மெதோட்ரெக்ஸேட்தான் நம் பெண்ணின் முதுகுத் தண்டில் இறங்குகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-இல் அடையாறு வைத்தியசாலை பிறந்ததையும் சொன்னோம்.

"இந்த ஊசி?" என்றாள்.

"வின்கிறிஸ்டின். நம் கிணற்றடிச் செடி இருக்கிறதே, அதன் இலையிலிருந்து எடுப்பது."

அவள் நம்பவில்லை. நாமும் புத்தகத்தில் படிக்கும் வரை நம்பியிருக்க மாட்டோம். (நேயர்கள் யாரும் அந்த இலையைக் காய்ச்சிக் குடித்துவிட வேண்டாம், அது நஞ்சு. நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்து ஒரு கிராம் மருந்து பிரிப்பது ஆராய்ச்சிசாலை வேலை.)

வீடு திரும்பியதும் முடி உதிர்ந்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். அது இப்போது அவளுடைய தினசரி உத்தியோகம். ஜுரம் ஏறும் இரவுகளில் பயமாக இருக்கிறது என்று அவளும் சொல்கிறாள், நாமும் சொல்கிறோம்.

சிகிச்சை முடிய இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. ஆயா மட்டும் விசாரிக்க வருகிறவர்களிடம் "அந்த வியாதி" என்றே தணிந்த குரலில் சொல்லி வருகிறாள்.

"ஆயா, அதுக்குப் பேர் இருக்குது" என்று உள்ளேயிருந்து குழந்தை திருத்துகிறாள்.