பெனருக்குக் கீழே நிறுத்திய பிள்ளைகள்

நான் ஒரு ரூபாயும் கையில் வாங்கவில்லை. அதனால்தான் இத்தனை காலமும் அதைக் குற்றமென்றே நினைக்காமல் இருந்துவிட்டேன். வாங்கியது கூடாரம், கேடயங்கள், நடுவர்களுக்குத் தொப்பி, இல்லத் தலைவர்களுக்கு டீசேர்ட். கொடுத்தது ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகள்.

ஹந்தானைச் சரிவிலுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். மைதானம் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. மலையை வெட்டிச் சமன்செய்த ஒரு துண்டு நிலம். பந்தை ஓங்கி அடித்தால் தேயிலைக்குள் இறங்கித் தேடவேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அதிபரும் நானும் பெருமூச்சு விடுவோம். கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்தும் பழைய மாணவர்கள் காசு அனுப்புவார்கள். எங்கள் பழைய மாணவர்களில் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அப்படியொரு நேரத்தில்தான் சோடாக் கம்பனி ஒன்றின் பிரதிநிதி வந்தார். மரியாதையான பையன். "எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம் சேர்" என்றான். அவனைக் குறைசொல்ல மாட்டேன். அவன் தன் வேலையைச் செய்தான். நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

தெரியாமல் செய்தேன் என்றால் அது பொய். எட்டாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடமும் நான்தான் எடுத்தேன். 2016 ஆகஸ்ட் முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற வட்டம் போடவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். அதற்கும் குறைந்தால் பச்சை. பிள்ளைகளை வெற்றுப் போத்தல்கள் கொண்டுவரச் சொல்லி, மேசையில் நிறவாரியாக அடுக்கவைத்துக் கற்பித்தேன். சிவப்பு வரிசைதான் நீளமாக இருந்தது.

போட்டியன்று அந்தக் கம்பனியின் வாகனம் வந்தது. பெரிய போத்தல்களிலிருந்து கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். கோப்பையைச் சுற்றி பானத்தின் பெயர் பெரிதாக இருந்தது. சிவப்பு வட்டம் இல்லை. பெனரிலும் இல்லை, கூடாரத்திலும் இல்லை, என் தலையில் இருந்த தொப்பியிலும் இல்லை. சட்டம் போத்தலின் லேபிளோடு நின்றுவிடுகிறது. 2018 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரி போட்டபோது, விலை ஏறினால் பிள்ளைகள் வாங்குவது குறையும் என்றார்கள். சரியான யோசனைதான். ஆனால் இனாமாகக் கிடைப்பதற்கு விலை ஏது? சிவப்பு வட்டத்துக்குரிய சோடா 200 மில்லிலீற்றர் குடித்தால் 22 கிராமுக்கு மேல் சீனி உள்ளே போகும், ஐந்து தேக்கரண்டிக்கும் அதிகம். வெயிலில் ஓடி வந்த பிள்ளை ஒரு கோப்பையோடு நிற்குமா?

பரிசளிப்புக்கு முன் அந்தப் பையன் ஒரு படம் கேட்டான். விசில் ஊதி, வென்றவர்களையும் சின்னவர்களையும் பெனருக்குக் கீழே வரிசையாக நிறுத்தினேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தது, பெயர் மறைந்திருந்தது. நானே போய் அந்த விரல்களை விலக்கி, கோப்பையைத் திருப்பி, பெயர் கெமராவுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு வந்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. மாத்தயா, வந்து, "பாடசாலையில் சோடா கொடுத்தீர்களாமே?" என்று விசாரித்தார். "எங்கள் கன்டீனில் விற்பதே இல்லை" என்றேன். பொய்யில்லை. கல்வி அமைச்சின் சிற்றுண்டிச்சாலைச் சுற்றறிக்கை அதற்கு இடம்கொடுக்கவில்லை. எங்கள் கன்டீனில் அவித்த கடலையும் பழமும்தான். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்பது அவருக்கும் புரிந்தது, எனக்கும் தெரியும்.

எனக்குள்ளே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: இவை ஒல்லிப் பிள்ளைகள், இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டுப் போகட்டுமே. 2016 இன் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். நாடு முழுவதற்கும் அது 17 வீதம். அந்த உயரம் முட்டையாலும் பருப்பாலும் பாலாலும் வரவேண்டியது. சீனித் தண்ணீர் பசியைத்தான் கெடுக்கும். பல்லையும் கெடுக்கும். பேராதனைப் பல் வைத்தியசாலை எங்களுக்குத் தூரமில்லை, ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற தாய்க்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். நான் தோட்ட லயங்களில் வளர்ந்தவன். ஒரு பேரின் பெறுமதி தெரியாதவன் அல்ல.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு சிகரெட் கம்பனி கூடாரம் தருகிறேன் என்று வந்திருந்தால் கேற்றிலேயே விரட்டியிருப்பேன். 2006 ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டம் அந்த அனுசரணையைத் தடுத்துவிட்டது; எனக்கு யோசிக்கவே வேலையில்லை. சோடாவுக்கு நான்தான் யோசித்திருக்க வேண்டும். பிள்ளைகள் கூடும் பாடசாலை, மைதானம் போன்ற இடங்களில் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுக்கு எந்த வடிவிலும் விளம்பரம் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2010 இலேயே பரிந்துரைத்தது. இந்தியாவில் 2020 இல் போட்ட விதி, பாடசாலை வாசலிலிருந்து 50 மீற்றருக்குள் அந்த விளம்பரமே வரக்கூடாது என்கிறது. எங்கள் பாடசாலையில் அதை வாசலைத் திறந்து உள்ளே கூப்பிட்டவன் பொறுப்பாசிரியர்.

அந்த வருஷத்துக்குப் பிறகு, பாதை வளைவிலுள்ள கடையில் அதே பானத்தின் சின்னப் போத்தல் முன்வரிசைக்கு வந்தது. பஸ் காசில் அதை வாங்கிக் குடித்துவிட்டு நடந்து போகிற பிள்ளைகளைப் பார்த்தேன். அதில் எவ்வளவு என்னால் வந்தது என்று எனக்கு அளக்கத் தெரியாது. கம்பனிக்கு அளக்கத் தெரியும். அடுத்த வருஷமும் கூடாரம் அனுப்பினார்கள். நானும் கட்டவைத்தேன்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன், எனக்கு வரப்போகும் தண்டனை எதுவுமில்லை. முதலாம் தவணை வந்தால் போட்டியும் வரும், கம்பனியின் கடிதமும் வரும். அதிபர்மாரே, விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களே, கூடாரம் வேண்டாம் என்று சொல்லும் வசதி உங்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: கூடாரத்தைத் தாருங்கள், பெயரும் பானமும் வேண்டாம். தந்தால் நன்றி சொல்லி வாங்குங்கள். தராவிட்டால் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் தோடம்பழமும் கொடுத்து, மர நிழலில் போட்டியை நடத்துங்கள்.