கறை படிஞ்ச சிரிப்பு!

கும்பகோணத்துல பிறந்து வளர்ந்த பொண்ணை, அப்பாவோட டிரான்ஸ்ஃபர் ஆர்டர் திடீர்னு நல்லம்பள்ளியில கொண்டுவந்து இறக்கினா எப்படி இருக்கும்? வயலும் வாய்க்காலும் பார்த்த கண்ணுக்கு, இங்கே பாறைக் குன்று, புளியமரம், சேலம் - பெங்களூரு ஹைவேயில ராப்பகலா ஓடுற லாரிகள். 'போச்சுடா, மூணு வருஷம் இங்கதானா?'ன்னு நொந்துட்டேன்.

நீங்களும் புது ஊர்ல படிக்கிற கேஸா? அப்போ என் கதையைக் கேளுங்க.

நல்லம்பள்ளியில இருந்து சேலம் போற வழியில தொப்பூர் கணவாய். ரோடு மடமடன்னு இறங்கும். ஆனா லாரிகள் மட்டும் ஆமை வேகத்துல ஊர்ந்துச்சு. "இறக்கம்தானே, ஏன் இவ்ளோ மெதுவா?"ன்னு பஸ்ல பக்கத்து சீட் பெரியவரைக் கேட்டேன். லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவராம். "டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா மொத்த பாரமும் பிரேக் மேல விழும் பாப்பா. சூடேறினா பிரேக் பிடிக்காது. அடிபடுறது முன்னாடி போறவன்தான்"னார்.

'ஓஹோ'ன்னு கேட்டுட்டு மறந்துட்டேன். ஞாபகப்படுத்தினது எங்க பஸ் ஸ்டாப் டீக்கடை.

அங்கே தினமும் ஒரு அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். பல்லெல்லாம் பழுப்புக் கறை. "புகையிலை கேஸுடி!"ன்னு ஃப்ரெண்ட் காதுல கிசுகிசுத்தேன். அவ சிரிக்கலை. எப்பவும் வாயைப் பொத்தியே சிரிக்கிறவ, அன்னிக்குக் கையை எடுத்துட்டுப் பல்லைக் காட்டினா. அதே கறை!

"நானும் புகையிலை போடுறேனா? எங்க ஊரு போர் தண்ணிடி."

எனக்கு டீ தொண்டையில இறங்கலை.

விஷயம் இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல பல இடத்துல நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. பல் உருவாகிற சின்ன வயசுல அதைத் தாண்டின தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருந்தா, கறை பல்லோடயே சேர்ந்து வளரும். எந்த பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. ரொம்ப வருஷம் குடிச்சா எலும்பையும் பாதிக்கும். இதுக்காகத்தான் ஒகேனக்கல்ல காவிரியை எடுத்துச் சுத்திகரிச்சு ஊர் ஊரா குழாய்ல அனுப்புற குடிநீர்த் திட்டம் வந்துச்சு. அது தொடங்கினது 2013-ல். அப்போ என் ஃப்ரெண்டுக்கு எட்டு வயசு. முன்பல் முளைச்சாச்சு! அதுக்கப்புறம் பிறந்த அவ தம்பிக்குப் பல்லு பளிச்.

கும்பகோணத்துல நான் சும்மா வேடிக்கை பார்த்த அதே காவிரி, இங்கே ஒரு பையனோட சிரிப்பைக் காப்பாத்தியிருக்கு. நானோ வாயை நியூட்ரல்ல விட்டேன். அடிபட்டது முன்னாடி நின்னவ.

சாரி கேட்டேன். "ஒரு டீ சொல்லு, கணக்கு சரியாயிடும்"னா. இப்பவும் கிளாஸ்ல, குரூப் போட்டோவுல வாயைப் பொத்திக்குவா. டீக்கடையில எங்க கேங் முன்னாடி மட்டும் கை தானா இறங்கிடும்.

உங்க கிளாஸ்லயும் வாயைப் பொத்திச் சிரிக்கிற ஒருத்தர் இருக்கலாம். ஏன், எதுக்குன்னு தோண்டித் துருவ வேணாம். நீங்களா ஒரு கதை கட்டாம இருந்தாலே போதும், ஃப்ரெண்ட்ஸ்!